ஒன்பதாவது பொருள்

காந்தி படத்துக்குப் போட்ட மாலையில்
எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.
எட்டுப் பொருள் முடிந்துவிட்டது:
தெருவிளக்கு, டெங்குக் கொசு,
நூறு நாள் வேலை,
யாருக்கும் புரியாத ஒரு வரவு செலவு.
ஒன்பதாவதைத் தலைவர் கலைவாணி வாசித்தார்.
விளக்கம் கலைவாணியின் வீட்டுக்காரர் சொன்னார்.
எப்போதும் அப்படித்தான்.

பள்ளிக்கூட மைதானத்தில்
தற்காலிக நெல் கொள்முதல் நிலையம்.
நாற்பது நாள்.

பாமணியாற்றுக் கரை ரோட்டில் கிடக்கிற நெல்லில்
என்னுடையதும் கிடக்கிறது.
நாலு மா குறுவை, குத்தகை நிலம்,
தோடு கூட்டுறவுச் சங்கத்தில்.
மேட்டூர் திறந்து முப்பது நாள் கழித்து
எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்தது.
மழை மட்டும் எங்களுக்குத்தான் முதலில் வரும்.
பதினோரு நாளாய் டோக்கனுக்குக் காத்து,
பகலெல்லாம் காலால் கிளறி,
பொழுது சாய்ந்ததும் தார்ப்பாய் மூடி,
தார்ப்பாய் மேல் கருங்கல் வைத்து,
கருங்கல்லுக்குப் பக்கத்தில் படுத்து.
நேற்று அடிநெல்லை அள்ளிப் பார்த்தேன்.
வெள்ளையாய்ப் பல் காட்டியது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியும் நான்தான்.
பெற்றோரில் ஒரு பெண் வேண்டுமென்றார்கள்.
அன்றைக்கு நடவு இல்லாததால்
நான் போயிருந்தேன்.

ஜெசிந்தா டீச்சர் எழுந்து,
'கோகோ பிள்ளைங்க மாவட்டப் போட்டிக்குப் போவணும்,
நவம்பர் ஏழு' என்றார்.
அதற்குமேல் பேசவில்லை. வெளியூர்க்காரர்.
'நெல்லு நனைஞ்சா சோறு இல்ல,
ஓட்டத்துல என்ன டீச்சர் இருக்கு?'
சாம்பசிவம் கெட்ட மனுசரில்லை.
போன வருசம் அறுபது மூட்டை நாறிப்போய்
வாய்க்காலில் கொட்டிவிட்டு,
வெறுங்கோணியை உதறி உதறி மடித்தவர்.

நான் எழுந்தேன்.
பேசத் தெரியாது. கேட்கத் தெரியும்.
'கல்யாண மண்டபத்து முற்றம் சும்மாதானே கெடக்கு?
புரட்டாசியில ஏது கல்யாணம்?
சிமெண்டுத் தளம். நாலு பக்கம் மதில்.
லாரி உள்ளயே திரும்பும்.'

மண்டபம் யாருடையது என்று
ஊரில் ஆடுமாட்டுக்கும் தெரியும்.
அத்தனை பேரும் டீ வருகிற வாசலைப் பார்த்தார்கள்.
செயலர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
கலைவாணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது.
வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்:
'அது தனியார் சொத்தும்மா.
பள்ளிக்கூடம்னா நம்ம சொத்து.'

ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள்.
எனக்கு இரண்டு கை.
ஒன்றைத் தூக்கினால் போதுமாம்.
வேதாரண்யம் பக்கம் வானம்
கருஞ்சட்டி கவிழ்த்த மாதிரி இருந்தது.
தூக்கினேன்.
நகத்திடுக்கில் நெல்லுச் சுணை.
'ஒருமனதாக' என்று எழுதிக்கொண்டார்கள்.
எந்த மனது என்று கேட்கவில்லை.
டீ வந்தது. ஆறியிருந்தது.

மூன்றாம் நாள் லாரி வந்தது, தராசு வந்தது,
மூட்டைக்கு இவ்வளவு என்று வழக்கம்போல்
ஒரு கையும் வந்தது.
கோகோ கம்பம் இரண்டையும் பிடுங்கிச்
சத்துணவுக்கூடச் சுவரில் சாத்தினார்கள்.
என் நெல்லில் இரண்டு சதம் ஈரம் கூட என்று
ஓரமாய்க் கொட்டி உலர்த்தச் சொன்னார்கள்.
கம்பம் பிடுங்கிய குழியிலும் கொஞ்சம் விழுந்தது.
விரல் விட்டுத் தோண்டி எடுத்தேன்.

சாயங்காலம் மகளைக் காணோம்.
தேடிக்கொண்டு தெற்குத் தெரு கடந்து போனால்
மண்டபத்துக் கேட் திறந்து கிடக்கிறது.
முற்றத்தில் சாம்பலால் கோடு.
கம்பத்துக்குப் பதில்
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.
எட்டுப் பிள்ளைகள்
இப்படியொன்று அப்படியொன்று பார்த்துக்
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க,
வாட்ச்மேன் பன்னீர் குச்சியோடு நிற்கிறார்,
ஓங்கவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல்.
'யாரு உத்தரவு குடுத்தா?'

மூச்சு வாங்க என் மகள் சொல்கிறாள்:
'எங்கம்மா கூட்டத்துல கேட்டுட்டாங்க.'

சொல்லிவிட்டு நிற்கவில்லை.
பாதி வளைவில் ஓடிப்போய்
ஒரு முதுகைத் தட்டினாள்.
கோ.